வைப்பதும் நீக்குவதும்

'இடம் போதவில்லை, தேவையற்றவற்றை நீக்குக' என்னும் அறிவிப்பு கணிப்பொறித் திரையில் தோன்றும்போது நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே. கண்ணில் முதலில் படும் சில கோப்புகளை அவசரமாக அழித்துவிட்டு, விட்ட வேலையைத் தொடர்கிறோம். சில வாரங்களில் அதே அறிவிப்பு மீண்டும் வருகிறது, மீண்டும் அழிக்கிறோம். எதை அழித்தோம், ஏன் அழித்தோம், உண்மையில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று அமர்ந்து பார்ப்பவர் அரியர். இது சோம்பலைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தன்னிடம் என்ன இருக்கிறது என்று அறியாத ஒருவனுக்கு, அதில் ஒன்றை எடுத்து எறிந்துவிடும் உரிமை உண்டா என்னும் வினாவும் இதில் அடங்கியிருக்கிறது.

கீழவைப்பாரை மனத்திற்கொண்டு இவ்வினாவை எழுப்புவது பொருத்தமாகவே படுகிறது. வைப்பாறு கடலோடு கலக்கும் பகுதியில், சிப்பிகுளத்தை அடுத்து அமைந்த ஊர் அது. முத்துக்குளித்துறையின் ஏழு பழம்பெரும் ஊர்களை எண்ணுவோர் வேம்பாறு, வைப்பாறு என்றே வடக்கிலிருந்து தொடங்குவர். ஆற்றின் பெயருக்கு அறிஞர் எக்காரணம் கூறினும் கூறுக. 'வைப்பு' என்னும் சொல்லுக்குத் தமிழில் சேமித்து வைத்த பொருள் என்றே பொருள். இக்கரையின் இளைஞர் பலர் இன்று கப்பல்களிலும் அயல்நாடுகளிலும் பணிபுரிகின்றனர். அவர்கள் அனுப்பும் நிழற்படங்களும் குரல்பதிவுகளும், ஊரில் நிகழும் திருவிழா, திருமணம், புதுநன்மை, அடக்கம் ஆகியவற்றின் ஒளிப்பதிவுகளும் வீட்டுக் கணிப்பொறியில் நாள்தோறும் வந்து குவிகின்றன. முன்னாளில் ஒரு தகரப்பெட்டிக்குள் அடங்கிய குடும்ப நினைவு, இன்று ஒரு வன்வட்டு நிறைந்தும் போதாமல் வழிகிறது.

இவ்வாறு வழிந்த ஒரு வன்வட்டே, பின்னர் உலகெங்கும் பரவிய ஒரு நல்ல கண்டுபிடிப்புக்குக் காரணமாயிற்று. 1990-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில், மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவை ஆயும் ஆய்வுக்கூடத்தில் 80 மெகாபைட் கொள்ளளவுள்ள வன்வட்டு ஒன்று இருந்தது. அதனைப் பதினான்கு பேர் பகிர்ந்து பயன்படுத்தினர். கணக்கிட்டால் ஆளுக்கு ஆறு மெகாபைட்டும் தேறாது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே அது சரியாகிவிடலாம். வட்டு நிறைந்துவிட்டது. யாருடைய கோப்புகள், எந்தக் கோப்புறையில், எவ்வளவு இடத்தைப் பிடித்துள்ளன என்று கண்டறிய வழியில்லை. பட்டியல் எடுத்தால் பக்கம் பக்கமாக நீளும். மரம்போல் கிளைவிரித்து வரைந்தால் திரைக்குள் அடங்காது. ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த பென் ஷ்னைடர்மன் என்னும் பேராசிரியர் இதனையே நினைந்து கொண்டிருந்து, இறுதியில் ஓர் எளிய வழியைக் கண்டார். முழு வட்டையும் ஒரு செவ்வகமாக வரைவது. அதனைக் கோப்புறைகளுக்கு ஏற்பப் பிரிப்பது. அவற்றை உட்கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் ஏற்ப மேலும் பிரிப்பது. ஒவ்வொரு கட்டத்தின் பரப்பும் அந்தக் கோப்பின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பாகப்பிரிவினையின்போது நிலத்தை அளந்து வரைபடத்தில் கோடு கிழிப்பதைப் போன்றதே இது. ஆங்கிலத்தில் 'ட்ரீமேப்' என்று பெயர்பெற்ற இம்முறையை அவர் 1992-இல் ஆய்விதழில் விளக்கி எழுதினார். இன்று 'விண்டிர்ஸ்டாட்' போன்ற இலவச மென்பொருள்கள் நம் வீட்டுக் கணிப்பொறியின் வட்டை வண்ண வண்ணக் கட்டங்களாகக் காட்டுவது இவ்வழியில்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பதினான்கு பேர் ஒரே வட்டைப் பகிர்ந்துகொண்ட இடத்தில், 'இடம் எங்கே போயிற்று?' என்னும் கேள்வி 'யார் மிகுதியாக எடுத்துக்கொண்டார்?' என்னும் கேள்வியாகவும் மாறிவிடுகிறது. வரைபடம் ஒன்று இல்லாதவரை அக்கேள்வி சந்தேகமாகவும் முணுமுணுப்பாகவுமே உலவும். பொதுப்பணம், பொதுக்கிணறு, பொதுக்கடல் ஆகிய எல்லாவற்றிலும் இதுவே நடக்கிறது. கணக்கு வெளிப்படையாகும்போது குற்றஞ்சாட்டியவரே சில வேளைகளில் தலைகுனிய நேர்வதும் உண்டு; மிகப்பெரிய கட்டம் அவருடையதாக இருந்துவிடுகிறது.

நம் வட்டை நாமே ஆராயப் புகுந்தால் காண்பவை எதிர்பாராதவை. முதலில், 500 ஜிகாபைட் என்று விலைகொடுத்து வாங்கிய வட்டை விண்டோஸ் 465 என்றே காட்டும். இது களவன்று. வட்டு செய்வோர் நூறு கோடி பைட்டுகளை ஒரு ஜிகாபைட் என்கின்றனர். விண்டோஸோ 107,37,41,824 பைட்டுகளை ஒன்றாக எண்ணுகிறது. சந்தையில் இரண்டு வகைப் படி இருந்த பழைய கதைதான். எவரும் பொய் கூறவில்லை, ஆயினும் வாங்கியவர் திகைக்கிறார். அடுத்து, நாம் சேர்க்காத பொருள்கள் தலைகாட்டும். கணிப்பொறி உறங்கப்போகும்போது தன் நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்கும் பெரிய கோப்பு ஒன்று. நினைவகம் போதாதபோது பயன்படுத்தும் கோப்பு மற்றொன்று. பழுது நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காகக் காத்துவைத்த பதிவுகள். புதுப்பித்தலுக்குப் பின்னும் சில நாள் ஒதுக்கி வைத்திருக்கும் பழைய விண்டோஸ். பல ஜிகாபைட்டுகள் இவற்றிற்கே போய்விடும். குப்பைத்தொட்டியோ இன்னும் வேடிக்கை. எறிந்துவிட்டோம் என்று நாம் நிம்மதி கொண்டவை யாவும் அங்கே அதே எடையோடு கிடக்கின்றன. இடம் மாறியதே தவிர இடம் குறையவில்லை.

இவ்வாராய்ச்சியில் சிறு நுணுக்கம் ஒன்று என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. நிர்வாகி என்னும் முழு அனுமதி இன்றி இம்மென்பொருளை இயக்கினால், சில கோப்புறைகளுக்குள் அதனால் நுழைய இயலாது. ஆகவே அது காட்டும் கட்டங்களையெல்லாம் கூட்டினாலும் வட்டில் நிரம்பியுள்ள அளவு வராது. ஒரு பகுதி எங்கோ மறைந்துபோகும். ஆன்ம சோதனையிலும் இவ்வாறு நிகழ்வதை நாம் அறிவோம். நம்மை நாமே ஆராய்கிறோம். ஆனால் எந்த அறைகளைத் திறக்க நாமே அனுமதி தரவில்லையோ, அவற்றை விட்டுவிட்டு மீதியைக் கூட்டிக் கணக்குச் சரி என்கிறோம். அகுஸ்தீனார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் பிரிவில், நினைவை அகன்ற மாளிகையாக உருவகித்தார். அழைத்தவுடன் வருபவை சில. தேடித் துருவிய பின் வருபவை சில. வேறொன்றைத் தேடும்போது கூட்டமாக முன்வந்து 'எங்களையா அழைத்தீர்?' என்று நிற்பவை சில என அவர் விரித்துரைப்பதைப் படிக்கையில், அவர் வன்வட்டைத்தான் கண்டிருந்தாரோ என்று நகைக்கத் தோன்றும். தம் மனமாகிய மாளிகையே தமக்கு முழுவதும் அகப்படவில்லை என்பதே அவருடைய வியப்பு.

அளவைக் கண்டறிந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கட்டத்தை அழித்தால் வேலை முடிந்ததா? இங்கேதான் வரைபடம் நம்மைத் தவறான வழியில் இழுத்துச் செல்லக்கூடும். அது பரப்பைக் காட்டுமேயன்றி மதிப்பைக் காட்டாது. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' நம் எல்லாருக்கும் தெரிந்த பெயர். இம்முத்துக்குளித்துறை மக்களிடையே நெடுங்காலம் உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழில் தந்த அச்சிறுநூல், தமிழ் எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல். அதன் பக்கங்கள் பதினாறே. கணிப்பொறியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; இன்று பரவலாக உள்ள யூனிகோடு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். அவ்வாறு கணக்கிட்டாலும் பதினாறு பக்க வாசகமும் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் ஒரு நிமிடம் எடுக்கும் ஒளிப்பதிவு நூறு மெகாபைட்டை எட்டலாம். அதாவது ஆயிரம் மடங்கு. 'ட்ரீமேப்' வரைபடத்தில் விருந்துப் பந்தியின் ஒளிப்பதிவு ஒரு வயலாக விரிந்திருக்கும்; 'தம்பிரான் வணக்கம்' ஒரு புள்ளியாகவும் தெரியாது.

அந்நூல் பிழைத்த வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இந்த மண்ணில் அதன் படி ஒன்றும் எஞ்சவில்லை. கடல்கடந்து சென்ற ஒரு படியே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்பட்டு நமக்குக் கிடைத்தது. இன்று வட்டைத் துப்புரவாக்கும் மென்பொருள்கள் 'இரட்டைக் கோப்புகள்' என்று பட்டியலிட்டு, ஒன்றை அழித்துவிடுமாறு அறிவுறுத்துகின்றன. ஒரே வட்டில் ஒரே படம் ஐந்து முறை இருப்பது வீண்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே படம் சென்னையில் மகள் வீட்டு வட்டில் இன்னொன்றாக இருப்பது வீண் அன்று. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தரைத்தளத்தில் வைத்திருந்த நூல்களும் சான்றிதழ்களும் கணிப்பொறிகளும் வெள்ளத்திற்கு ஒன்றேயாயின.

மதிப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சிப்பியைப்போல் கற்பிப்பது வேறொன்றில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அத்தொழிலின் முறையை நினைத்துப் பாருங்கள். முத்துப்பார்களில் எடுத்த சிப்பிகளைக் குவித்து, சதை அழுகும்வரை நாள்கணக்கில் போட்டுவைப்பர். நாற்றமும் ஈயும் தாங்கவொண்ணாதவை. பின்னர்க் கழுவிக் கழுவி, அடியில் தங்கும் கசடையும் விடாது துழாவி முத்தைப் பொறுக்குவர். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றுமிராது. இருப்பவற்றிலும் பலவற்றில் கடுகுபோன்ற முத்தே. ஆனால் குளிப்பு நடத்தலாமா என்று தீர்மானிப்பதற்கு முன்னரே அரசினர் பார்களை ஆராய்ந்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளை வணிகர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்வர். இளஞ்சிப்பியாயின் அந்தப் பாரை வளர விட்டுவிடுவர். எடுப்பதற்கும் விடுவதற்கும் முன் பார்த்தல் என்பது இக்கடற்கரையில் தொழில் ஒழுங்காகவே இருந்தது. சிப்பியின் பருமனைக் கொண்டு முத்தை மதிப்பிட்ட வணிகன் எவனும் செழித்ததில்லை.

பார்க்காமலே எறிந்தவர்களின் கதையும் நம் தென்பாண்டி நாட்டிலேயே இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த காலத்தில் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றார். அங்குள்ள கோயிலில் வரகுணராம பாண்டியனின் ஏட்டுச் சுவடிகள் இருந்தன என்று கேள்வியுற்றே சென்றார். விசாரித்தபோது கிடைத்த விடையை அவர் தம் வரலாற்றில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். சிதைந்த பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடவேண்டும் என்பது விதி எனக் கூறி, அவற்றைத் தீக்கு இரையாக்கிவிட்டனராம். வேறு இடங்களில் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டதையும் அவர் கேட்டறிந்தார். இதைச் செய்தவர் கொடியவர் அல்லர் என்பதே இதில் வருத்தத்திற்குரியது. ஏட்டின்மீது மரியாதை வைத்திருந்தவர்கள், விதியையும் மீறாதவர்கள். படித்துப் பார்க்கவில்லை என்பதொன்றே குறை. எரிந்தவற்றுள் எந்த நூல் இருந்தது என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களுக்குத் தாங்கள் அழிப்பது இன்னதென்று தெரியும். அது வேறுவகைத் தீமை. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் முன்னதைச் சார்ந்தது.

அப்படியாயின் எதையும் நீக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று சிலர் வாதிடுவர். வட்டின் விலை வீழ்ந்துவிட்டது என்பதும் அவர்கள் கூற்றுக்கு வலிமை சேர்க்கிறது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்வட்டில் ஐம்பது தட்டுகள் இருந்தன. எடை ஏறத்தாழ ஒரு டன். கொண்டதோ ஐம்பது லட்சம் எழுத்துகள். இன்று விரல்நுனியளவு அட்டையில் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு அடங்குகிறது. எனினும் இவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. முதலாவதாக, எல்லாவற்றையும் வைத்திருப்பவன் எதையும் கண்டெடுக்க மாட்டான். பத்தாயிரம் படங்களுக்கிடையில் தாயின் ஒரே நல்ல படம் இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது. இரண்டாவதாக, 'மேகம்' என்று மென்மையாகப் பெயரிட்டிருப்பது எங்கோ மின்சாரம் உண்டு குளிர்நீர் குடிக்கும் கட்டடங்களே. 2024-இல் உலகின் மொத்த மின் நுகர்வில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு தரவு மையங்களுக்குச் சென்றதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்துள்ளது. அவை செய்யும் பயனுள்ள பணிகள் பல. ஆயினும் நாம் ஒருபோதும் திறவாத காலை வணக்கப் படங்களும் அந்தக் கணக்கில்தான் உள்ளன. மூன்றாவது காரணம் இவற்றினும் பழையது. வறியவரின் பசியைத் தீர்ப்பதே செல்வத்தைச் சேமித்து வைக்கும் இடம் என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் கூறும்போது, வைப்பு என்பதன் பொருளையே அவர் புரட்டிவிடுகிறார். பிறருக்குப் பயன்படும் இடத்தில் இருப்பதே வைப்பு. யாரும் காணாத வட்டில் பூட்டிய பழைய ஊர்ப்படங்கள், ஒரு நாள் மாலை ஊராரை அமர்த்திக் காட்டப்படும்போதுதான் உண்மையில் சேமிக்கப்படுகின்றன.

நீக்கியே தீரவேண்டியவையும் உண்டு. அவை பெரும்பாலும் நம்முடையவை அல்ல. ஒருவர் தம் துயரத்தில் நம்பி அனுப்பிய செய்தி, யாரோ அறியாமல் எடுத்த படம், சண்டையின்போது பதிவுசெய்து வைத்த குரல், எவருடைய நோயறிக்கையோ, ஆதார் அட்டையின் நகலோ. இவை மிகச் சிறிய இடத்தையே கொள்ளும். அதனால் வட்டு நிறையும்போதும் தப்பிப் பிழைத்துக் கிடக்கும். இடம் தேவைப்படுவதால் அன்று, அம்மனிதருக்கு நாம் கடன்பட்டிருப்பதால் அவற்றைத் தேடி நீக்கவேண்டும். அதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பழைய வகை வன்வட்டில் ஒரு கோப்பை அழிக்கும்போது, குப்பைத்தொட்டியையும் காலிசெய்த பின்னரும், கோப்பு இருந்த இடத்தின் முகவரியே நீக்கப்படுகிறது; அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை உள்ளடக்கம் அப்படியே கிடக்கும்; உரிய மென்பொருளால் மீட்கவும் இயலும். புதிய வகைத் திண்மநிலை வட்டுகளில் அது பெரும்பாலும் விரைவிலேயே துடைக்கப்படுகிறது. பழைய கணிப்பொறியை விற்பவர் இந்த வேறுபாட்டை அறியாவிடில், தம் வீட்டு இரகசியத்தோடு பிறர் வீட்டு இரகசியத்தையும் சேர்த்து விற்றவராகிறார்.

காக்க வேண்டியது எது என்று முடிவுசெய்ய நம் பங்குகளின் பதிவேடுகள் ஒரு வழி காட்டுகின்றன. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் திருமணங்களையும் திருமுழுக்கின் ஞானப்பெற்றோர் பெயர்களையும் ஏட்டில் எழுதிவைக்குமாறு பங்குக் குருக்களைப் பணித்தது. பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள், ஊர். ஒரு மனிதனுக்கு நான்கைந்து வரிகள்தாம். விழாவின் ஆரவாரம் அதில் இல்லை, ஆடையின் வண்ணம் இல்லை. ஆயினும் தன் பாட்டனார் யார் என்று தேடிவரும் பேரனுக்கு அந்த வரிகளே விடையளிக்கின்றன; ஏனெனில் யார், எவருடைய மகன், எப்போது என்று எழுதியவர் எழுதிவைத்தார். நம் வட்டுகளில் ஆயிரமாயிரம் முகங்கள் உள்ளன. அவற்றின் கீழே பெயர் எழுதியவர் எத்தனை பேர்?

கப்பலில் பணிபுரிந்து இறந்துபோன மகனின் குரல்பதிவு ஒன்று எந்த வீட்டிலேனும் இருக்குமாயின், அது சில நூறு கிலோபைட்டுக்கு மேல் இராது. 'அம்மா, சாப்பிட்டீர்களா?' என்பதற்கு அதற்குமேல் இடம் வேண்டியதில்லை. வரைபடத்தில் அது தோன்றாது. அளவின்படி வரிசைப்படுத்தினால் கடைசியில், பல்லாயிரம் கோப்புகளுக்கு அப்பால் கிடக்கும். ஆகவே வட்டைத் துப்புரவாக்க அமரும் இளையவர், பெரிய கட்டங்களில் கை வைப்பதற்கு முன்னர், வீட்டிலுள்ள மூத்தவர்களை அருகே அமர்த்தி, எவருடைய குரல், எவருடைய படம், எது வேண்டும் என்று கேட்டுத் தனிக் கோப்புறை ஒன்றில் எடுத்துவைத்துப் பெயரிடுவது நலம். இயந்திரம் அக்கோப்புக்கு இட்டிருக்கும் பெயரில் ஒரு தேதியும் ஓர் எண்ணும் மட்டுமே உள்ளன. அது யாருடைய குரல் என்று அறிந்தவர் அந்தத் தாய் ஒருவரே.